திரையில் டாக்டர், வீட்டில் தம்பி: மனச்சிதைவும் வீடியோ சிகிச்சையும், வாசகர் கேள்விகளுக்குப் பதில்

மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா), கடும் சந்தேக நோய், காதில் குரல் கேட்பது போன்ற பிரச்சினைகளுக்கு வீடியோ வழியாகச் சிகிச்சை பெறுவது பற்றி வந்த கடிதங்களுக்கு மனநல மருத்துவக் குழு இங்கே பதில் சொல்கிறது. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டோம். அடையாளங்களை நீக்கியிருக்கிறோம்.

கேள்வி: என் தம்பிக்கு 27 வயது. ஆறு வருடமாக மனச்சிதைவுக்கு மருந்து சாப்பிடுகிறான். டிவியில் செய்தி வாசிப்பவர் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார் என்று ஒருமுறை டிவியைப் போட்டு உடைத்தான். மாதாமாதம் திருச்சிக்கு அழைத்துப்போக முடியவில்லை என்றதும், டாக்டர் இனி வீடியோவில் பார்க்கலாம் என்கிறார். டிவியே ஆகாதவனுக்கு வீடியோ கால் எப்படி ஆகும்? இருப்பதும் கெட்டுவிடாதா? (ஒரு வாசகி, ஆலங்குடி)

பதில்: டாக்டர்களுக்கும் ஒரு காலத்தில் இருந்த பயம்தான் அம்மா இது. 1959இலேயே அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் இருவழித் தொலைக்காட்சி வைத்து மனநல சிகிச்சை செய்து பார்த்தார்கள். 1964இல் அங்கிருந்து 112 மைல் தள்ளியிருந்த நார்ஃபோக் அரசு மனநல மருத்துவமனையையும் அப்படியே இணைத்தார்கள். அன்று முதல் இன்றுவரை வந்த ஆய்வுகளில், மனச்சிதைவு உள்ளவர்களில் பெரும்பாலோர் வீடியோவை இயல்பாகவே ஏற்றுக்கொள்கிறார்கள் என்றும், திரையால் நோய் கூடுவது அபூர்வம் என்றும்தான் தெரியவந்திருக்கிறது. தொலைவில் தேட வேண்டாம், உங்கள் மாவட்டமே சாட்சி. மனநல மருத்துவர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் என்னும் மனச்சிதைவு ஆராய்ச்சி அமைப்பு, 2010 முதல் புதுக்கோட்டை கிராமங்களுக்கு ஒரு பேருந்தை அனுப்பியது. நோயாளி பேருந்துக்குள் உட்காருவார், மனநல மருத்துவர் சென்னையிலிருந்து திரையில் பேசுவார், அதே பேருந்தில் இருக்கும் மருந்தகத்தில் மாத்திரையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

டிவிக்கும் வீடியோ காலுக்கும் உங்கள் தம்பியைப் பொறுத்தவரை ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. ‘என்னைப் பற்றியா பேசினாய்?’ என்று கேட்டால் டிவி பதில் சொல்லாது, டாக்டர் சொல்வார். பதில் வராத இடத்தில்தான் சந்தேகம் வளரும்.

ஆனாலும் சில ஏற்பாடுகள் வேண்டும். முதல் சந்திப்பு கட்டாயம் நேரில்தான். பழகிய முகம் திரையில் வருவது வேறு, திரையில் முளைத்த முகம் வேறு. ஒவ்வொரு தடவையும் அதே டாக்டர், அதே போன், முடிந்தால் அதே நேரம். முந்தின நாளே தம்பியிடம் சொல்லிவிடுங்கள். தூங்கி எழுந்தவரின் முகத்துக்கு நேரே போனை நீட்டாதீர்கள். அழைப்பை எடுக்கும் பொத்தானையும் முடிக்கும் பொத்தானையும் அவரே அழுத்தட்டும். ‘யாரெல்லாம் கேட்கிறார்கள்?’ என்று அவர் கேட்டால் ‘உனக்குச் சந்தேகம்’ என்று மறுக்க வேண்டாம். டாக்டர் தன் கேமராவைச் சுழற்றி அறையைக் காட்டட்டும், நீங்களும் காட்டுங்கள். பதிவு செய்யவில்லை என்று டாக்டர் வாயால் சொல்ல வேண்டும். பேசி முடித்ததும் கேமராமேல் ஒரு துண்டு காகிதம் ஒட்டிக்கொள்கிறேன் என்றால் ஒட்டிக்கொள்ளட்டும்.

வீடியோ ஒத்துவராத ஆட்களும் உண்டு. அந்தச் சமயத்தில் இருக்கும் பயமே போன் மீதும் கேமரா மீதும் என்றால், அல்லது குரல் போனிலிருந்துதான் வருகிறது என்றால், அது அடங்கும்வரை நேரில்தான் பார்க்க வேண்டும். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் உங்கள் பகுதி அரசு மருத்துவமனைக்கு எந்தக் கிழமை வருகிறார் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கணவருக்குப் போன மாதம் வீடியோவில் பார்த்தோம். பாதியில் எழுந்துவிட்டார். ‘நான் பேசுவதை யாரோ பின்னாலேயே திருப்பிச் சொல்கிறார்கள்’ என்றார். நோய் திரும்பிவிட்டதா? (ஒரு வாசகி, மானாமதுரை)

பதில்: நோய் என்று முடிவு கட்டுவதற்கு முன் எதிரொலியைச் சந்தேகியுங்கள். அவர் பேசியது டாக்டர் வைத்திருக்கும் கணினியின் ஸ்பீக்கரில் சத்தமாகக் கேட்டு, அங்குள்ள மைக் அதைத் திரும்ப எடுத்து அனுப்பினால், அரை விநாடி கழித்து அவர் குரலே அவருக்குக் கேட்கும். தன் குரல் தனக்கே கேட்டால் கோளாறு எதிர்ப்பக்கத்தில் என்று பொருள். ஆகவே காதுக்கருவி போட வேண்டியவர் டாக்டர். அடுத்த முறை தயங்காமல் ‘சார், எக்கோ வருகிறது, ஹெட்போன் போட்டுக்கொள்ள முடியுமா?’ என்று கேளுங்கள். இன்னொரு காரணமும் உண்டு. அதே அழைப்பில் அதே அறையில் நீங்களும் உங்கள் போனிலிருந்து சேர்ந்திருந்தால் இரண்டு போனும் ஒன்றையொன்று கேட்டு ஊளையிடும். ஒரு அறைக்கு ஒரு போன் போதும்.

குரல் கேட்கிற ஒருவருக்கு இது சின்ன விஷயமில்லை. ஒலி முன்னே வந்து உதடு பின்னே அசைந்தாலும் ‘இவர் உண்மையான டாக்டர் இல்லை’ என்ற எண்ணம் வர வழியுண்டு. டாக்டர் பக்கமும் தவறு நடக்கிறது. இணையம் தாமதித்ததால் இரண்டு விநாடி கழித்து வந்த பதிலை ‘சிந்தனை தடைபடுகிறது’ என்று எழுதிவிடக்கூடும். இதைச் சோதிக்க ஒரு சுலபமான வழி: டாக்டர் ‘ஒன்று’ சொல்ல, நோயாளி ‘இரண்டு’, டாக்டர் ‘மூன்று’ என்று பத்து வரை எண்ணிப் பார்ப்பது. தாமதம் எவ்வளவு என்று இரண்டு பக்கமும் தெரிந்துவிடும்.

மற்ற ஏற்பாடுகள்: வெளிச்சம் முகத்துக்கு முன்னால் இருக்க வேண்டும். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் முகம் கறுத்த நிழலாகத்தான் தெரியும், அந்த நிழலில் முகபாவம் எதையும் படிக்க முடியாது. போனைக் கையில் பிடிக்க வேண்டாம், தண்ணீர் சொம்பிலோ அரிசி டப்பாவிலோ சாய்த்து, கண் மட்டத்தில், ஒரு கை தூரத்தில் வையுங்கள். தலைக்கு நேர்மேலே ஓடும் ஃபேனை நிறுத்திவிடுங்கள். காற்று மைக்கில் அடித்தால் எதிர்ப்பக்கம் இரைச்சல் மட்டும் கேட்கும். தன் முகம் சின்னக் கட்டத்தில் தெரிவது பலருக்குத் தொந்தரவு. செயலியில் அதை மறைக்க வழியிருந்தால் மறைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அந்த மூலையில் காகிதம் ஒட்டலாம். வேறு அழைப்பு வந்தால் வீடியோ அறுந்துபோகும் என்பதால் ‘தொந்தரவு செய்யாதே’ அமைப்பைப் போடுங்கள். பதினைந்து நிமிடப் பேச்சுக்கு 200 எம்.பி. டேட்டா மிச்சமிருந்தால் போதும்.

அழைப்பு அறுந்தால் யார் திரும்பக் கூப்பிடுவது, எத்தனை நிமிடம் காத்திருப்பது என்று ஆரம்பத்திலேயே பேசிக்கொள்ளுங்கள். திரை சட்டென்று இருண்டதும் ‘என்னை வெட்டிவிட்டார்’ என்று நினைப்பவர்கள் அதிகம்.

கேள்வி: டாக்டர் வீடியோவில் மகனை நடக்கச் சொன்னார், நாக்கை நீட்டச் சொன்னார், விரலைத் தட்டச் சொன்னார். இதெல்லாம் எதற்கு? போனிலேயே இதைத் தெரிந்துகொள்ள முடியுமா? (ஒரு வாசகர், பொன்னமராவதி)

பதில்: ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன் போன்ற மருந்துகளால் உடல் இறுக்கம், நடுக்கம், ஓரிடத்தில் இருக்க முடியாத தவிப்பு வரலாம். வருடக்கணக்கில் சாப்பிட்டால் வாயும் நாக்கும் தாமாக அசைவதும் உண்டு. அந்தத் தவிப்பை வீட்டில் ‘நோய் கூடிவிட்டது’ என்று நினைத்து மாத்திரையைக் கூட்டிக் கேட்பார்கள். கூட்டினால் தவிப்பு இன்னும் கூடும். அதனால்தான் பார்ப்பது.

கையில்லாத நாற்காலி ஒன்று, பாதம் தரையில் படும்படி. போனை இரண்டு மீட்டர் தள்ளி, தலை முதல் பாதம் வரை தெரியும்படி வையுங்கள். வாயில் பாக்கோ மிட்டாயோ இருக்கக் கூடாது. முதலில் கை இரண்டையும் முழங்கால்மேல் வைத்துச் சும்மா உட்கார வேண்டும். பிறகு வாயைத் திறந்து நாக்கை உள்ளேயே வைத்திருப்பது, நாக்கை நீட்டுவது. அடுத்து கட்டைவிரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாக 10 முதல் 15 விநாடி வேகமாகத் தட்டுவது, வலது கை, பிறகு இடது கை. நம் கண் தட்டுகிற கையில் இருக்கும். டாக்டரின் கண் அப்போது முகத்திலும் கால்களிலும் இருக்கும், மனம் விரலில் இருக்கும்போதுதான் மற்ற இடத்து அசைவு வெளிப்படும். கடைசியாகச் சில அடி நடந்து திரும்பி வருவது. ஒரு கை வீசாமல் தொங்குகிறதா, திரும்பும்போது பொம்மை மாதிரி மொத்தமாகத் திரும்புகிறாரா என்பது நடையில் தெரியும்.

போனால் ஏமாறும் இடம் நடுக்கம். மருந்தால் வரும் இந்த நடுக்கம் பெரும்பாலும் விநாடிக்கு 4 முதல் 6 தடவை. இணையம் மெதுவாகி, படம் விநாடிக்குப் பத்து ஃப்ரேமுக்குக் கீழே போனால் அந்த நடுக்கம் திரையில் காணாமலே போகலாம், அல்லது வேறு மாதிரி தெரியலாம். சிக்னல் மோசமான ஊரென்றால், மகனின் சம்மதத்தோடு 20 விநாடி வீடியோ எடுத்து டாக்டருக்கு அனுப்பிவிட்டு, போனிலிருந்து அழித்துவிடுங்கள். எடுத்து வைத்த வீடியோவில் ஃப்ரேம் குறையாது. உடல் இறுக்கத்தை மட்டும் எந்த வீடியோவும் காட்டாது. அதை முழங்கையைப் பிடித்து மடக்கிப் பார்க்கும் கைதான் சொல்லும். எங்கள் கணக்கில் எல்லாம் சீராக இருந்தாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது நேரில் ஒரு கை படவேண்டும்.

வீடியோவுக்கு முன் எடை, இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம் மூன்றையும் அளந்து ஒரு தாளில் எழுதி வையுங்கள். ஒலான்சபின் ஆரம்பித்திருந்தால் முதல் ஆறு வாரம் வாராவாரம் எடை பார்க்க வேண்டும். திரையில் முகம்தான் தெரியும். ஐந்து கிலோ கூடியதை அந்த முகம் சொல்லாது.

கேள்வி: மகள் டாக்டரிடம் பேசவே மறுக்கிறாள். நாங்கள் வீடியோவில் பேசி மாத்திரை எழுதி வாங்கி, ரசத்தில் கலந்து கொடுக்கலாமா? (பெயர் வேண்டாம்)

பதில்: கூடாது அம்மா. நீங்கள் இதுவரை செய்து பார்த்திருந்தால் அதற்காகக் கோபிக்கவில்லை, வேறு வழி தெரியாமல்தான் எல்லோரும் இதைச் செய்கிறார்கள். ஆனால் கணக்குப் பாருங்கள். ரசத்தைப் பாதி குடித்து மீதியைக் கொட்டினால் எவ்வளவு மருந்து போனது என்று யாருக்கும் தெரியாது. மெதுவாகக் கரைய வேண்டிய மாத்திரையைப் பொடித்தால் மொத்தமும் ஒரேயடியாக இறங்கும். ஒருநாள் மாத்திரைப் பொடி டம்ளர் அடியில் தெரிந்துவிட்டால், ‘சாப்பாட்டில் விஷம் வைக்கிறார்கள்’ என்று அவர் சொன்னது உண்மையாகிவிடும். அதன்பிறகு உங்கள் கையால் தண்ணீர்கூட வாங்க மாட்டார்.

சட்டமும் இதற்கு இடம் தரவில்லை. 2020 மார்ச் 25இல் வந்த தொலைமருத்துவ நெறிமுறைப்படி, நோயாளி இல்லாமல் உறவினர் பேசுவதானால் அவருடைய கையெழுத்திட்ட அனுமதி இருக்க வேண்டும், அல்லது முன்பு நேரில் பார்த்தபோதே அந்த ஏற்பாடு உறுதியாகியிருக்க வேண்டும். தானே முடிவெடுக்க இயலாத நிலைக்கும் குழந்தைகளுக்கும் தனி விதி உண்டு. யாரையும் பார்க்காமலே மாத்திரை எழுதித் தருகிறவர் உங்கள் மகளுக்கு நல்லது செய்யவில்லை.

வீடியோவை வேறு விதமாகப் பயன்படுத்துங்கள். முதல் அழைப்பில் நீங்கள் மட்டும் பேசுங்கள், மருந்துக்காக இல்லை, எப்படிப் பேசுவது என்று கேட்க. மகளுக்கு ‘நோய்’ என்ற சொல் பிடிக்காது, ஆனால் தூக்கம் வரவில்லை என்று அவரே சொல்வார். அந்தத் தூக்கத்துக்காக ஐந்து நிமிடம் டாக்டரிடம் பேச வருவாரா என்று கேளுங்கள். கேமராவை அணைத்துக்கொண்டு குரல் மட்டும் என்றாலும் சரி. மூன்று தடவை மறுத்தவர் நான்காவது தடவை அறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருப்பார், அதுவே முன்னேற்றம்தான்.

கேள்வி: க்ளோசபின் சாப்பிடுபவரை வீடியோவில் மட்டும் பார்த்தால் போதுமா? (ஒரு வாசகர், வால்பாறை)

பதில்: வீடியோவோடு ரத்தம் எடுக்கும் ஊசியும் ஆய்வகமும் இருந்தால் போதும். மனச்சிதைவுக்கான இந்த மருந்து சிலருக்கு ரத்தத்தின் வெள்ளணுக்களைக் குறைத்துவிடும் என்பதால், முதல் 18 வாரம் வாராவாரம் ரத்தப் பரிசோதனை, பிறகு இடைவெளியை டாக்டர் கூட்டுவார். கவனிக்க வேண்டியது மொத்த வெள்ளணு எண்ணிக்கை மட்டும் அல்ல. மொத்தம் 4,200, அதில் கிருமியோடு போராடும் நியூட்ரோஃபில் வகை 35 சதவீதம் என்று சீட்டில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் பரவாயில்லை போலத்தான் இருக்கும். பெருக்கிப் பார்த்தால் நியூட்ரோஃபில் 1,470. 1,500க்குக் கீழே வந்தால் அன்றைக்கே டாக்டருக்குத் தெரிய வேண்டும். சீட்டை வீடியோவில் தூக்கிக் காட்டாதீர்கள், எண் கலங்கித் தெரியும். முன்னாடியே படமெடுத்து அனுப்புங்கள்.

காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் அழைப்புத் தேதிக்குக் காத்திராமல் அன்றே ரத்தம் பார்க்க வேண்டும். முதல் ஒன்றிரண்டு மாதத்தில் காய்ச்சலோடு நெஞ்சு வலி, படபடப்பு என்றால் இதயத்தைப் பார்க்க வேண்டும், நேரே மருத்துவமனை. மலச்சிக்கலைக் கேட்கப் பல டாக்டர்கள் மறந்துவிடுவார்கள், நீங்களாகச் சொல்லுங்கள், இந்த மருந்தில் அது உயிருக்கே ஆபத்தாகும். இரண்டு நாளுக்குமேல் மாத்திரை விட்டுப்போனால் பழைய அளவில் தொடரக் கூடாது, 12.5 மில்லிகிராமிலிருந்து மறுபடி ஏற வேண்டும். பீடியை நிறுத்தினாலும் சொல்லுங்கள். புகை நின்றால் ரத்தத்தில் க்ளோசபின் அளவு ஏறிவிடும். நல்ல காரியம் செய்தவர் திடீரென்று தூங்கி வழிவது இதனால்தான்.

கேள்வி: மாதாந்திர ஊசி போடுபவருக்கு வீடியோ எதற்கு? (ஒரு வாசகர், திருவாடானை)

பதில்: டாக்டரின் பார்வைக்கு வீடியோ, ஊசிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ். ஃப்ளூபெனசின் டெகனோயேட் எள்ளெண்ணெயில் கரைத்த மருந்து, சிரிஞ்சும் ஊசியும் உலர்ந்திருக்க வேண்டும். ஈரம் பட்டால் மருந்து கலங்கிவிடும். போட்ட தேதி, எந்தப் பக்கம், எத்தனை மில்லிகிராம் என்று அட்டையில் எழுதி வாங்கி அடுத்த வீடியோவுக்கு முன் படம் அனுப்புங்கள். அதற்குமேல் சிக்கலில்லை.

கேள்வி: வீடியோ நடக்கும்போது நான் பக்கத்தில் இருக்கலாமா? நான் எழுந்தால் மகன் பொய் சொல்வான், மாத்திரை சாப்பிடாததைச் சொல்ல மாட்டான். (ஒரு தாய், தேவகோட்டை)

பதில்: இருங்கள், ஆனால் கேமராவில் தெரியும்படி. கதவுக்குப் பின்னால் நின்று கேட்பதுதான் எல்லாவற்றையும் கெடுக்கிறது. சந்தேகம் உள்ளவருக்குக் கண்ணில் படாத ஆள் இரண்டு மடங்கு பெரியவர். பாதி நேரம் மூவரும், பாதி நேரம் அவர் மட்டும் என்று பிரித்துக்கொள்ளுங்கள். தனியாகப் பேசும்போது அவர் காதில் இயர்போன் இருந்தால் டாக்டரின் கேள்வி வெளியே கேட்காது. ஆம், இல்லை என்று பதில் சொன்னால் போதுமே. ‘செத்துப்போ’ என்று குரல் சொல்கிறதா என்ற கேள்விக்கு அம்மா முன்னால் எந்த மகனும் உண்மை சொல்ல மாட்டார்.

மாத்திரைக்கு வழி எளிது. அட்டையையே கேமராவில் காட்டி எண்ணலாம். முப்பது வாங்கி இருபது நாள் ஆனால் பத்து மிச்சமிருக்க வேண்டும். பதினெட்டு இருந்தால் டாக்டர் ‘எட்டு கூடுதலா இருக்கே, சாப்பிட்டால் என்ன செய்கிறது?’ என்றுதான் கேட்பார். அந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் உண்மையான பதில் வரும்.

கேள்வி: அண்ணன் மஸ்கட்டில் இருக்கிறார். அங்கிருந்தே ஊர் டாக்டரிடம் வீடியோவில் காட்டலாமா? (ஒரு வாசகர், கீரனூர்)

பதில்: நம் நெறிமுறை இந்தியாவுக்கு வெளியே உள்ளவருக்குப் பொருந்தாது. அங்குள்ள மருத்துவரிடம்தான் காட்ட வேண்டும், ஊர் டாக்டரின் பழைய சீட்டுச் சுருக்கத்தைக் கொண்டுபோகட்டும். நோயாளி ஊரில் இருந்து, மஸ்கட் உறவினர் வெறுமனே அழைப்பில் சேர்வது வேறு, நோயாளி சம்மதித்தால் அதில் தடையில்லை. போதைப்பொருள் சட்டப் பட்டியலில் உள்ள மருந்துகளைத் தொலைவழி எழுதத் தடை உண்டு, பிறகு சிலவற்றுக்கு மட்டும் விலக்கு கொடுத்தார்கள். ‘தூக்க மாத்திரை ஏன் எழுதவில்லை’ என்று டாக்டரிடம் சண்டை போடுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எப்போது வீடியோ வேண்டாம், நேரே கிளம்பிவிட வேண்டும்? (பலர்)

பதில்: மருந்து தொடங்கிய முதல் நாட்களில் கழுத்து ஒருபக்கம் திருகிக்கொண்டாலோ கண் மேலே சொருகி நின்றாலோ. காய்ச்சலோடு உடல் கட்டை மாதிரி விறைத்து ஆள் குழம்பினாலோ. பேசாமல், சாப்பிடாமல், அசையாமல் ஒரே நிலையில் இருந்தாலோ. பிரசவமான சில வாரத்துக்குள் தாய் தூக்கமின்றிக் குழம்பிப் பேசினாலோ. குடியைத் திடீரென்று நிறுத்தி இரண்டு மூன்று நாளில் பூச்சி ஊர்கிறது என்று கை நடுங்கினாலோ. வாழ்க்கையில் முதன்முறையாகக் குரல் கேட்பதோ கடும் சந்தேகமோ வந்தாலும் அப்படித்தான்.

சாகச் சொல்லியோ யாரையாவது அடிக்கச் சொல்லியோ குரல் கேட்கிறது என்றால் அழைப்பைத் துண்டிக்காதீர்கள். டாக்டர் திரையில் பேசிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு போனில் 108ஐக் கூப்பிடுங்கள். நல்ல டாக்டர் ஒவ்வொரு அழைப்பின் தொடக்கத்திலும் ‘இப்போது எந்த முகவரியில் இருக்கிறீர்கள், பக்கத்தில் யார், அவர் எண் என்ன’ என்று கேட்பது இதற்காகத்தான், அதை விசாரணை என்று நினைக்காதீர்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்னும் அரசு மனநல உதவி எண் 14416, நாள் முழுக்கத் தமிழிலும் பேசலாம்.

நோயாளி சம்மதிக்காமல் மருத்துவமனையில் சேர்க்கவேண்டிய நிலை வந்தால், 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, சேர்க்கும் நாளிலோ அதற்கு முந்தைய ஏழு நாளுக்குள்ளோ ஒரு மனநல மருத்துவரும் இன்னொரு மனநல நிபுணர் அல்லது மருத்துவரும் தனித்தனியாகப் பரிசோதித்திருக்க வேண்டும். ‘டாக்டர் வீடியோவில் பார்த்துச் சொல்லிவிட்டார்’ என்று சொல்லிக் கொண்டுபோய்க் கதவைத் தட்டாமல், கிளம்பும்போதே மருத்துவமனைக்குப் போன் செய்து விஷயத்தைச் சொல்லுங்கள். பழைய சீட்டு, மாத்திரை அட்டை, கடைசி ரத்த முடிவு மூன்றும் ஒரு பையில் எப்போதும் தயாராக இருக்கட்டும். உடன் போகிறவருக்கு அந்தப் பை எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.